கல்லில் கொட்டிய தண்ணீர்

போன வாரம் என் பிள்ளை குளியலறையில் கீஸர் மாட்டினான். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்து ஃப்ளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அது இல்லாதது அவனுக்கு ஒரு குறை. மாட்டி முடித்ததும் குழாயைத் திறந்து, "அம்மா, கையை நீட்டு" என்றான். நீட்டினேன். சுவரில் தொங்கும் ஒரு டப்பாவிலிருந்து ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. மிஸ்திரி சுவரைக் குடைந்ததில் உள்ளே இருந்த செங்கல் தெரிந்தது. அதன்மேல் ஆவி படிந்து, ஈரச் செங்கல் சூடாகும் வாசனை ஒன்று கிளம்பியது. அந்த வாசனை என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பீகாரில் ராஜ்கீர் வெந்நீர் ஊற்றுப் படிக்கட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டது. வயசானவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு, டிக்கெட் வாங்க வேண்டாம்.

நான் கீஸரைப் பார்த்துப் பூரித்து நிற்கிறேன் என்று பிள்ளை நினைத்துக்கொண்டான். "எப்படி இருக்கு?" என்றான். "உன் தாத்தா இருந்திருந்தா இதுல குளிச்சவாளைச் சமையல் உள்ளுக்கே விட்டிருக்க மாட்டார்" என்றேன். சிரித்தான். அவனுக்குத் தாத்தா என்றால் கூடத்தில் சந்தன மாலை போட்டு மாட்டியிருக்கும் படம். எனக்கு அப்படி இல்லை. நான் அவர் வீட்டில் குப்பை கொட்டியவள்.

மாமனார் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் அசிஸ்டெண்ட். ஆபீஸில் துரைக்கு முன்னால் எப்படி நிற்பாரோ எனக்குத் தெரியாது. வீட்டில் அவர்தான் துரை. காளிகாட்டில் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, அதாவது கல்யாணமாகி வந்தபோது, இருந்தவர்கள் மூன்று பேர்: மாமனார், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா விசாலம். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கெட்டிக்காரி.

விசாலம் அக்காவுக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். பத்து வயசில் கல்யாணம், இரண்டு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. புருஷன் முகம் ஞாபகமே இல்லை என்பாள். தலை மழித்து, நார்மடியை முக்காடு போட்டுக்கொண்டு, அந்த வீட்டுச் சமையலை எல்லாம் அவள்தான் செய்தாள். அந்தக் கோலத்தோடு அவ்வளவு சிரிப்பு எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அண்ணி என்று அர்த்தம். அவளோடு மாடிப்படியில் உட்கார்ந்து பெங்காலி பேசியே விசாலம் அதை எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். பேப்பர்கூட எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கல்கத்தாவை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். டிராம் மணிச் சத்தம் கேட்டால் கரண்டியோடு வந்து ஜன்னலில் நிற்பாள்.

மடி என்றால் என்ன என்று இப்போது விளக்க வேண்டியிருக்கிறது, அதுவே எனக்குச் சந்தோஷம். சமைக்கிறவள் விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, யாரும் தொடாத துணியை உடுத்திக்கொண்டு, யாரையும் தொடாமல் சமைக்க வேண்டும். வெந்நீரில் குளித்தால் அது மடி ஆகாது. குளிப்பவள் உடம்பு விறைத்தால்தான் சாப்பிடுகிறவர் ஆசாரம் நிற்கும். மாமனார் மட்டும் குளிர்காலத்தில் வெந்நீரில் குளிப்பார், அவருக்கு நெஞ்சுச் சளி. விசாலத்துக்கு நெஞ்சும் இல்லை, சளியும் இல்லை என்று சாஸ்திரத்தில் போட்டிருந்ததோ என்னவோ.

வருஷக்கணக்காக இப்படிக் குளித்து, ஈரத் தரையில் உட்கார்ந்து சமைத்து, அவள் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அடுப்படியிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றைக்குச் சாப்பாடு அரை மணி தாமதம். மாமனார் ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்:

"கால் சரியாகலேன்னா கும்பகோணத்துப் பக்கம் அவ மச்சினர் ஆத்துலயே கொண்டு விட்டுடலாம். இங்க உக்காத்தி வெச்சு யார் பாத்துக்கறது?"

இருபது வருஷம் சமைத்துப் போட்டவளைப் பற்றித்தான் பேச்சு. அந்த மச்சினர் வீட்டில் அவள் சின்ன வயசில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள். மாட்டுக் கொட்டில் ஓரத்தில் படுக்கை, மிச்சம் இருந்தால் சாப்பாடு. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே அவள் சிரிப்பு நின்றுவிடும்.

பௌதிதான் வழி சொன்னாள். "ராஜ்கீருக்குக் கூட்டிண்டு போங்கோ, அங்கே வெந்நீர் ஊத்து இருக்கு, என் மாமியார் நடக்க முடியாமல் போனவள், நடந்து வந்தாள்" என்று சத்தியம் பண்ணினாள். வங்காளிகளுக்கு எதற்கும் ஒரே மருந்து, சேஞ்ச், ஊர் மாறிப் போய் இருப்பது. தலைவலி என்றால் சேஞ்ச், பரீட்சையில் தோற்றால் சேஞ்ச். காது வரைக்கும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேற்கே ரயில் ஏறி, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஹஜம் ஆகிறது, நன்றாக ஜீரணமாகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆபீஸில் பாபுக்கள் எல்லாம் போகிறார்கள், தான் மட்டும் போகாமல் இருப்பது கௌரவக் குறைச்சல் என்று மாமனாருக்கு ரொம்ப நாளாக ஒரு அரிப்பு. மகளின் முழங்கால் கைகொடுத்தது. கிறிஸ்துமஸ் லீவில் கிளம்பினோம். எங்களோடு சாஸ்திரிகளும் வந்தார். காளிகாட், பவானிபூர் நம்மவர்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். மாமனார் செலவில் யாத்திரை என்றால் அவருக்கும் கசக்கவில்லை.

எனக்கு அப்போது ஐந்தாம் மாசம். இதோ கீஸர் மாட்டினானே, அவன்தான் வயிற்றில். பிள்ளைத்தாய்ச்சியை எதற்கு அத்தனை தூரம் இழுத்தடித்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். காய் நறுக்க.

பக்தியார்பூரில் இறங்கிச் சின்ன ரயில். அது போகிற வேகத்தில் ஒருவர் இறங்கிக் கத்தரிக்காய் விலை பேசிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். ராஜ்கீரில் ஒரு பண்டாவின், அந்த ஊர்ப் புரோகிதரின், வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல். அந்தக் கல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்று மலையடிவாரத்தில். செங்கல் படிகள் இறங்கிப் போகும். சுவரில் தாரை தாரையாக வெந்நீர் கொட்டிக்கொண்டே இருக்கும், கீழே குளமாகத் தேங்கும். மார்கழிக் குளிரில் அந்த இடம் முழுக்க ஆவி. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்குச் சுவர் வைத்து ஒரு பக்கம். பிள்ளைத்தாய்ச்சி தீர்த்தத்தில் இறங்கக் கூடாது என்று என்னைப் படியில் உட்கார்த்தி, எல்லோருடைய உலர்ந்த துணிக்கும் காவல் வைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்த மகா விவாதம் என் காதில் விழுந்தது.

சாஸ்திரிகள் கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "அண்ணா, இது தானா வர ஜலம். அடுப்பு கிடையாது, கரி கிடையாது. சாக்ஷாத் தீர்த்தம். மடிக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

மாமனாருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "அப்போ விசாலமும் இதுல குளிச்சுட்டு அப்படியே சமைக்கலாமோ?"

சாஸ்திரிகள் கண்ணைத் திறந்தார். யோசித்தார். இன்னும் கொஞ்சம் தண்ணீரில் அமுங்கிக்கொண்டு யோசித்தார்.

"நாம பண்றது புண்ணியத்துக்கு. அவ பண்றது காலுக்கு. சரீர சுகத்துக்குக் குளிக்கறது மடியாகுமோ? அதுவும் அவ இருக்கற நிலையில. ஒண்ணு பண்ணலாம். வைத்தியத்துக்கு வெந்நீர்ல குளிக்கட்டும். ஆத்துக்கு வந்து மடிக்குப் பச்சத் தண்ணி விட்டுக்கட்டும். ரெண்டுக்கும் பழுதில்லாம போயிடும்."

நீங்களே சொல்லுங்கள். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிற கொல்லன்கூட இரும்பு குணமாகும் என்று சொல்ல மாட்டான். இவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பனிக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் காலையில் வெதுவெதுவென்றுதான் இருக்கும், எந்த ஊர்க் கிணறானாலும். இறைத்த வாளியிலிருந்து லேசாக ஆவி வந்ததைச் சாஸ்திரிகள் பார்த்துவிட்டார். இந்தக் கிணற்றுக்கும் அடியில் ஊற்றோடு சம்பந்தம் இருக்கலாம், சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றார். அதனால் முந்தின சாயங்காலமே இறைத்து, அண்டாவில் ஊற்றி, பனியில் திறந்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. மடி ஜலம் என்பதால் அதை விசாலமேதான் இறைக்க வேண்டும். இரண்டு படித்த ஆண்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணை எப்படிச் சரியாக விறைக்க வைப்பது என்று இவ்வளவு கவனமாக யோசித்ததை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? இவர் நல்லவர். அதைத் தவிர இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்று நாள் விசாலம் சொன்னபடி செய்தாள். ஊற்றிலிருந்து வரும்போது முகத்தில் ரத்தம் ஓடும், காலை இழுக்காமல் நடப்பாள். முற்றத்துக்கு வந்து அந்த அண்டாத் தண்ணீரை மழித்த தலையில் கவிழ்த்துக்கொள்வாள். உதடு நீலமாகிவிடும். மூன்றாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள், எழுந்தாள். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "ஊத்தும் ஒண்ணும் பண்ணலை. தையில ஊருக்கு எழுதிட வேண்டியதுதான்" என்றார். கையில் மோர் சாதம். விசாலம் அப்பளத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் நாளந்தா. ராஜ்கீர் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் ஆபீஸ் பாபுக்களுக்குப் பதில் சொல்ல முடியாதே. சின்ன ரயிலில் போய் எக்கா என்கிற குதிரை வண்டி பிடித்தோம். அப்போதுதான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கூலிப் பெண்கள் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். கண்ணுக்கெட்டின வரைக்கும் சிவப்புச் செங்கல், ராத்திரிப் பனியில் நனைந்து வெயிலில் காய்கிற வாசனை. மாமனார் குடைக் காம்பால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தார். "செங்கல் சூளை. தஞ்சாவூர்க் கோவில் முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்" என்று தள்ளிவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்கள் அவரிடம் எஸ்டிமேட் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

மேற்பார்வைக்கு இருந்த வங்காளி பாபு ஒருவர் கூட நடந்து வந்து சொன்னார்: இதெல்லாம் பிக்ஷுக்கள் தங்கிப் படித்த அறை, இது படுக்கிற மேடை, இது விளக்கு வைக்கிற மாடம். அவர்கள் மணி அடித்ததும் கூட்டமாகப் போய்க் குளத்தில் குளித்துவிட்டு வருவார்களாம். "பௌத்தனுக்கு மடி ஏது, ஆசாரம் ஏது" என்று சாஸ்திரிகள் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆண்கள் மேலே போனார்கள்.

விசாலத்தால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. ஒரு அறைக்குள் நுழைந்து, அந்தச் செங்கல் மேடையில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலில். அவள் மாடத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். சுற்றிலும் நாலு சுவர்களையும் பார்த்தாள். அப்புறம், "ஏண்டி, ஆளுக்கு ஒரு தனி உள் கொடுத்திருக்கா, பாரேன்" என்றாள்.

"ஆமாக்கா."

"மடியே இல்லாமத்தான் இத்தனை பேர் இங்க இருந்து இத்தனை படிச்சாளா?"

"அப்படித்தான் போல இருக்கு."

"தலையில இடி விழலையே" என்றாள். வெகு நாளைக்கப்புறம் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஊற்றிலிருந்து வந்தாள். ஆண்கள் கூடத்தில் ஜபத்தில் இருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது, காது மட்டும் திறந்திருந்தது. விசாலம் அண்டாவிலிருந்து செம்பு செம்பாக மொண்டு அந்தத் துவைக்கிற கல்லில் சளார் சளார் என்று கொட்டினாள். கூடவே நடுங்குகிற குரலில் "சிவ சிவா, சிவ சிவா" என்று ஒரு நாடகம். அப்படி ஒரு குளிரை நிஜமாகக் குளித்தபோதுகூட அவள் காட்டியதில்லை. எனக்குச் சிரிப்பு தாங்காமல் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். பின்பு அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்தாள். சாஸ்திரிகள் மைசூர் ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டு, இந்த ஊர் ஜலத்துக்கு ருசி தனி என்றார்.

லீவு முடிகிற வரைக்கும் தினமும் கல்தான் குளித்தது. விசாலத்தின் கால் வீக்கம் வடிந்தது. கிளம்புகிற அன்றைக்கு ஊற்றுப் படிகளை யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தாள். மாமனார் மேல்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேளா சாஸ்திரிகளே! வெந்நீரால ஆனதில்லை இது. அது மூணு நாள் பாத்தாச்சே. பச்சத் தண்ணிதான் பிடிச்சிருக்கு."

"ஆசாரத்துக்கு உண்டான பலன், அண்ணா" என்றார் சாஸ்திரிகள்.

விசாலம் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கடந்து போனாள். ஊருக்கு எழுதுகிற பேச்சு அதோடு நின்றது. அவளுக்கு வேண்டியது அதுதான்.

கல்கத்தா வந்ததும் மாமனார் வைத்தியராகிவிட்டார். வெந்நீர், உடனே பச்சைத் தண்ணீர். பார்த்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னார். அவர் ஆபீஸில் ஒரு பாபு நம்பிச் செய்துபார்த்து ஜுரத்தில் படுத்தார். அவர் சிரத்தையோடு செய்யவில்லை என்று மாமனார் கண்டுபிடித்தார். விசாலம் வீட்டில் சாமர்த்தியமாக இருந்தாள். எங்கள் குளியலறையிலும் ஒரு கல் உண்டு. பௌதி தினமும் கீழேயிருந்து ஒரு கெட்டில் வெந்நீர் மேலே அனுப்பிவிடுவாள், எனக்கென்று சொல்லி.

தை முடிகிற சமயத்தில் எனக்குக் கால் வீங்கியது, ஏழாம் மாசத்தில் வருமே, அந்த வீக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனார் என் பாதத்தைப் பார்த்துவிட்டார்.

"விசாலம், உனக்குப் பண்ணினதையே இவளுக்கும் பண்ணு. நாளை காலம்பறலேர்ந்து. அண்டாவைப் பனியில வெச்சுடு."

விசாலம் அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள்.

"அவளுக்கு வேண்டாம்ப்பா. வயத்துப் பிள்ளைக்காரி."

"ஏன், உனக்குப் பலிக்கலையா?"

"எனக்கு வெந்நீர்தான் பலிச்சது. பச்சத் தண்ணியைக் கல்லுல கொட்டினேன்."

இருபது வருஷமாகச் சமைத்த மகள், கால் சரியாகி எதிரே நிற்கிறாள். அந்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அப்போ சமைச்சது?"

"நான்தான் சமைச்சேன். நீங்க சாப்ட்டேள். ரசம் நன்னா இருக்குன்னேள்."

என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டில் பிராயச்சித்தம். சாஸ்திரிகள் பஞ்சகவ்யம் கலக்கினார். பசு கொடுக்கிற ஐந்தும் சேர்ந்த அந்தக் கலவையை, கோமியம் உட்பட, மூன்று ஆண்களும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். ராஜ்கீரில் ரசம் கேட்டு நீட்டிய அதே கைகள். எனக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே கேளிக்கை அது. அதை ரசிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் மாமனார் ஊருக்கு எழுதிப்போட்டுவிட்டார்.

நான் கேட்டேன். அதுவரைக்கும் அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசினதில்லை. "அப்பா, அக்கா போக வேண்டாம். அவா கால்தான் சரியாயிடுத்தே" என்றேன். "உன்னை யார் கேட்டா?" என்றார். கால் சரியாகாவிட்டால் அனுப்பிவிடுவேன் என்றவர், சரியான காலோடு அனுப்பினார்.

பௌதி சந்துமுனை வரைக்கும் வந்து, "ஜேயோ நா திதி, ஜேயோ நா" என்று வாய்விட்டு அழுதாள். போகாதே அக்கா, போகாதே என்று எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தமிழில் சொல்ல வராததை அவள் பெங்காலியில் சொன்னாள். ஹௌராவில் மதராஸ் மெயில். கொண்டுவிடக் கூட வந்த உறவுக்காரர் ஏற்றிவிடக் கை நீட்டினார். விசாலம் அதைப் பார்க்காதவள் போல அந்த உயரமான படியில் காலை வைத்து, தானே ஏறி உள்ளே போனாள். மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் போய்விட்டது. சின்ன ரயில் போய்விட்டது. காளிகாட் வீட்டை இடித்துவிட்டார்கள். மாமனார் படமாகிவிட்டார். சாஸ்திரிகளின் பேரன்தான் இப்போது எங்களுக்கு வாத்தியார், போன திவசத்துக்கு வந்தபோது, "கொஞ்சம் லேட்டாயிடுத்து மாமி, கீஸர் சூடாக நாழியாயிடுத்து" என்றான். ஒருவரும் அவனுக்குப் பஞ்சகவ்யம் கலக்கவில்லை. மடி போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. போனதே போனது, கொஞ்சம் முன்னால் போயிருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னேன். கீஸரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "அத்தைக்கு அப்புறம் கால் எப்படிம்மா இருந்தது?" என்றான்.

தெரியாது. நாலு வருஷம் கழித்து ஒரு தந்தி வந்தது, அதில் காலைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஊற்று கிடையாது, வெந்நீர் அனுப்பக் கீழ்வீட்டில் பௌதி கிடையாது. அங்கே விடியற்காலையில் எல்லோரும் பார்க்கக் குளத்தில் இறங்கித்தான் முழுக வேண்டும். குளத்துத் தண்ணீரைக் கல்லில் கொட்டிவிட்டு வர முடியாது.